ஐம்பத்தெட்டாவது படிவம்

மாலை ஆறு ஐம்பது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் பாதி கட்டி நிறுத்திய வீடுகள்... ஈ காக்கை இல்லை. அந்தச் சாலையில் ஒருத்தி மட்டும் நடந்து போகிறாள். தோளில் பை, கையில் அட்டையில் கவ்விய தாள்கள்.

எனக்கு இப்படித்தான் சொன்னார்கள், இப்படியே சொல்கிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவள் கொஞ்சம் உள்ளே தள்ளி வரலாம்... வேண்டாமா? உன் இஷ்டம். நடுவில் போனைப் பார்க்கிறவர்களுக்கு மீதியைச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

இது என் அறைத்தோழியின் அக்காவுக்கு நடந்தது. அறைத்தோழியை உங்களுக்குத் தெரியும், நம் நத்தை. குளிக்கப் போனால் குழாய்க்கே சலிப்பு வந்துவிடும், அவள்தான். இன்று வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் சொல்கிறேன். இருந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள்.

அக்காவுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். சட்டம் படித்ததால் இல்லை, வாயால் வந்த பெயர். அவள் பல்கலைக்கழகத்தில் படித்தது குற்றவியல். சேர்ந்த அன்று பெரியப்பா கேட்டாராம், "இத படிச்சு முடிச்சா நீ பிடிப்பியா, பிடிபடுவியா?" வீடே சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் படிப்பு அவளுக்கு உயிர். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் மருத்துவமனையிலேயே கிடந்து ஒரு வருடத்தை இழந்துவிட்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். இன்னொரு வருடம் போனால் தாங்காது என்று நத்தையிடம் அழுதிருக்கிறாள்.

அந்தக் கடைசி வருடம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த வீட்டில் யாருக்காவது திருட்டு, மிரட்டல், அடிதடி நடந்ததா? போலீசில் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் ஏன்?' இப்படி நாற்பது கேள்விகள். போலீஸ் கணக்கில் வராத குற்றம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அதுதான் வழியாம். ஆளுக்கு அறுபது வீடு. எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டில் வந்த வீட்டில் ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போய்த் தட்ட வேண்டும். அப்போதும் திறக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று குறிக்கலாம். ஆனால் அப்படி ஆறு வீடுகள்தான் குறிக்கலாம். ஏழாவது வந்துவிட்டால் வேறு பகுதியில் அறுபதும் முதலிலிருந்து.

வக்கீல் ஏற்கெனவே ஆறு குறித்தாகிவிட்டது. ஐம்பத்தெட்டாவது வீடு இந்தத் தண்ணீர்த் தொட்டிச் சாலையில். திங்கட்கிழமை காலை தாள்களைக் கொடுக்க வேண்டும்.

தனி வீடு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்... ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. பச்சைக் கதவு. அதில் கீழே அமுக்கித் திறக்கிற கைப்பிடி. காலையில் ஒரு தடவை போனாள், மதியம் ஒரு தடவை. இந்த மாலை மூன்றாவது. தட்டினாள். கூப்பிட்டாள். கூடத்தில் விளக்கு எரிகிறது... கதவுக்கு அடியில் கோடு போல வெளிச்சம் தெரிகிறது. ஆனால் யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது. இன்னும் இரண்டு வீடு பாக்கி. கால் வலி. அவள் திரும்பி நடந்து, சாலை முனையில் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். ஐம்பத்தெட்டாவது படிவத்தைத் தானே நிரப்பினாள்.

சிரிக்காதீர்கள். நாமும் செய்திருப்போம்.

ஆனால் அவள் படித்தவள், அதுதான் வினை. வகுப்பில் பேராசிரியை சொல்லியிருந்தார், "பொய்யா நிரப்புறவன் சோம்பேறி. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடுவான். 'ஆமாம்'னு போட்டா அடுத்த பக்கத்துல பத்து கேள்வி எழுதணுமே! அப்படித்தான் நான் கண்டுபிடிப்பேன்." அது வக்கீலின் மண்டையில் ஆணி அடித்தது போல் இருந்தது. அதனால் அவள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடவில்லை. ஒரு பெண் என்று எழுதினாள், வயது நாற்பத்தொன்று, தனியாக இருக்கிறார். ஒரே ஒரு கேள்விக்கு 'ஆமாம்'. ரொம்பப் பெரியதாக இருந்தால் சந்தேகம் வரும், அதனால் சின்னதாக... இரவில் யாரோ வந்து கதவின் கைப்பிடியை அமுக்கிப் பார்க்கிறார்கள். உடைப்பதில்லை. தட்டுவதில்லை. அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யார்? தெரியாது. எத்தனை முறை? மூன்று. போலீசில் சொன்னீர்களா? இல்லை. ஏன்? ஆதாரம் இல்லை.

எழுதி முடித்ததும் அவளுக்கே பெருமையாக இருந்ததாம். மற்ற ஐம்பத்தேழையும் விட அதுதான் உண்மை போல் இருந்ததாம்.

இரண்டு வீட்டையும் முடித்தாள், திங்கட்கிழமை கொடுத்தாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

அந்தத் துறையில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருந்தார். மாணவர்கள் கொண்டுவரும் படிவங்களில் பத்துக்கு ஒன்றை உருவி, அந்த வீட்டுக்கே போய், 'இந்தப் பெண் வந்தாளா, இப்படிச் சொன்னீர்களா' என்று கேட்டுக் கையெழுத்து வாங்கி வருவார். அதுதான் அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அவர் எதை உருவினார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வியாழக்கிழமை அவர் துறை வாசலில் நின்று கையைக் காட்டி வக்கீலைக் கூப்பிட்டார்.  படிப்பு போச்சு, அப்பா முகத்தில் எப்படி முழிப்பது... இதுதான் அவள் மனதில்.

ஏட்டையா சிரித்தார். "உன் வேலை சுத்தம்மா. அந்தம்மா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க. கதவுக்குப் பின்னாலேருந்தேதான் பேசினாங்க, பாவம், பயந்து கிடக்கிறாங்க. நீ பொறுமையா கேட்டியாம், நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க."

வக்கீலுக்கு வாய் அடைத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் ஏட்டையா, "நீ மூணு தடவைன்னு எழுதியிருக்க. இப்ப நாலு ஆயிடுச்சாம். முந்தாநாள் ராத்திரியும் வந்து அமுக்கிப் பாத்தாங்களாம்." சிவப்பு மையால் மூன்றை அடித்து நான்கு என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு கையெழுத்து. கோணலாக, கதவிடுக்கு வழியாகத் தாளை வாங்கிப் போட்டது போல.

முதலில் வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. படிப்பு தப்பித்தது! அன்று மாலை நத்தைக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தாளாம். இரவு படுத்த பிறகுதான்... கண் மூடவில்லை. அந்த அம்மாவை எழுதியது நான். வயதை எழுதியது நான். கைப்பிடியை எழுதியது நான். அப்படியானால் ஏட்டையா யாரிடம் பேசினார்?

அவளே ஒரு பதிலும் கண்டுபிடித்தாள். கிழவருக்கும் கால் வலி. அவரும் போகவில்லை. அவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டார்! என்னைப் போலவே எல்லாம் சரி என்று போட்டால் சந்தேகம் வரும் என்று ஒரு எண்ணை மாற்றியிருக்கிறார். சரியாகத்தானே இருக்கிறது? நானாக இருந்தால் அதோடு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பேன். வக்கீலால் முடியவில்லை. போய் அவரைக் கேட்கவும் முடியாது, கேட்டால் இவள் குட்டு உடையும். வெள்ளிக்கிழமை முழுக்க அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாளாம். நாற்காலியில் உட்காருவாள், எழுந்திருப்பாள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பாள். "கொஞ்சம் உட்காரேன்க்கா, எனக்குத் தலை சுத்துது," என்று நத்தை கெஞ்சியிருக்கிறாள்.

சனிக்கிழமை மாலை கிளம்பிவிட்டாள்.

அதே சாலை. அதே வேலி. இருட்டுகிற நேரம். தூரத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் மட்டும் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கு வந்தபோது... அதுவும் நின்றுவிட்டது.

சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதே ஈர வாசனை. கதவடியில் அதே வெளிச்சக் கோடு.

தட்டினாள். "அம்மா..." பதில் இல்லை. "அம்மா, பல்கலைக்கழகத்துலேருந்து வர்றேன்." பதில் இல்லை. மூன்றாவது முறை தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கடிகாரம் கூட ஓடவில்லை. பார்த்தாயா, ஆளே இல்லை, கிழவர் புளுகிவிட்டார் என்று அவளுக்கு ஒரு துணிச்சல். கூடவே ஒரு எரிச்சல், இவ்வளவு நாள் தூக்கம் கெட்டதே என்று. பூட்டியிருக்கிறதா என்று பார்க்க... கைப்பிடியை அமுக்கினாள்.

அது கீழே போகும்போது 'க்ரீச்'... விட்டதும் மேலே வந்து 'டக்'.

கதவு திறக்கவில்லை.

ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், இவள் முகத்துக்கு நேராக ஒரு பெண் குரல். கோபம் இல்லை. பயம் இல்லை. குறித்துக்கொள்கிற குரல்.

"அஞ்சு."

அவ்வளவுதான். வக்கீல் எப்படி ஓடினாள், எந்தச் செருப்பை விட்டாள், எந்த பஸ்ஸில் ஏறினாள் எதுவும் அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில் ரத்தம். நத்தைதான் கழுவி விட்டிருக்கிறாள். அன்று இரவுதான் முழுக் கதையையும் அவளிடம் சொன்னாள்.

யார் அது, நகத்தைக் கடிக்கிறது? சத்தம் கேட்கிறது, நிறுத்து.

திங்கட்கிழமை வக்கீல் ஒரு முடிவோடு போனாள். படிப்பு போனாலும் போகட்டும், அந்தத் தாள் உலகத்தில் இருக்கக் கூடாது. பேராசிரியையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "மேடம், ஐம்பத்தெட்டாவது படிவம் பொய். நான் யாரையும் பாக்கல. பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து நானே எழுதினேன்."

பேராசிரியை அந்தப் படிவத்தை எடுத்துப் புரட்டினார். சிவப்பு மை, கையெழுத்து, ஏட்டையாவின் குறிப்பு. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ பொய் எழுதினேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே சொல்றேனே மேடம்," என்றாள் வக்கீல்.

"ஒருத்தர் தானா வந்து ஒத்துக்கிட்டா மட்டும் போதாதும்மா. அது மத்த ஆதாரத்தோட பொருந்தணும். போன வருஷமே நடத்தினேனே? தூக்கம் இல்லாதவங்க, மனசு நொந்தவங்க செய்யாததையும் செஞ்சேன்னு சொல்லுவாங்க. இங்க கையெழுத்து இருக்கு. சாட்சி இருக்கு. உன் பக்கம் என்ன இருக்கு? ஒரு வாரம் வீட்டுல போய்த் தூங்கு."

படிவத்தை அவர் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டார். குற்றவியல் படித்த பெண், தான் செய்த ஒரே குற்றத்தை நிரூபிக்க முடியாமல் வெளியே வந்தாள். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. நல்ல மதிப்பெண். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் வக்கீல் பேசுவதைக் குறைத்துவிட்டாள். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் சாப்பாட்டு நேரமே செத்துப்போய்விட்டது என்று நத்தை சொல்வாள். கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். இரவில் நாற்காலியை இழுத்துக் கதவில் சாத்துவாள். "எதுக்குக்கா?" என்று கேட்டால், "காத்து," என்பாள். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு வேலை கிடைத்ததும் ஒரே மூச்சாகக் கிளம்பிவிட்டாள். அங்கே வேலைபார்க்கும் பெண்கள் தங்குகிற விடுதி, மூன்றாவது மாடி, தனி அறை. விலாசம் அம்மாவுக்கும் நத்தைக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் நத்தையும் அதே துறையில் வந்து சேர்ந்தாள். 'எத்தனையோ படிப்பு இருக்க ஏன்டி அதையே?' என்று நான் திட்டியிருக்கிறேன். அக்கா சொன்னதில் அவளுக்குப் பாதிதான் நம்பிக்கை. தூக்கமில்லாமல் ஏதோ கேட்டிருக்கிறாள் என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதல் கணக்கெடுப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து, புது மாணவர்கள் அதே வீடுகளுக்கு மறுபடி போனார்கள். என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக அப்படி ஒரு வழக்கமாம். நத்தையை வீடு வீடாக அனுப்பவில்லை, அனுப்பினால் அடுத்த வருடம்தான் திரும்புவாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. படிவங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. மாலை நேரம், அந்த அறையில் அவள் மட்டும். ஒவ்வொரு தாளாக எடுத்து அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். ஐம்பத்தெட்டு. தண்ணீர்த் தொட்டிச் சாலை.

போய் வந்தவன் கண்ணாடி போட்ட ஒரு பையன். ரொம்ப ஒழுங்கு. அவனைப் பொய் எழுதச் சொன்னாலும் எழுத வராது. படிவத்தின் ஓரத்தில் குறிப்பு வைத்திருந்தான், 'கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே பதில் சொன்னார்.'

வயது நாற்பத்திரண்டு. தனியாக இருக்கிறார். கடந்த பன்னிரண்டு மாதங்களில் யாராவது உள்ளே நுழைய முயன்றார்களா? இல்லை.

நத்தைக்கு மூச்சு வந்தது. இல்லை என்றுதானே போட்டிருக்கிறது! தாளைத் திருப்பினாள். கடைசிக் கேள்வி, 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' அதற்கு வரும் பதிலை மட்டும், அவர்கள் என்ன வார்த்தை சொல்கிறார்களோ அதே வார்த்தையில் எழுத வேண்டும் என்பது விதி. பையன் அப்படியே எழுதியிருந்தான்.

'இப்ப இங்க யாரும் வர்றதில்ல. நான்தான் அங்க போயிட்டு வர்றேன். ஏழு தடவ போயிட்டேன். அந்தப் பொண்ணு கதவத் திறக்க மாட்டேங்குது.'

நத்தை என்னிடம் சொன்னாள், அப்போது அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தாள் ஒன்றுகூட அசையவில்லையாம்... தெரியவில்லை, பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம். கைப்பேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள் வக்கீல்.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"அக்கா... உன் ரூமுக்கு ராத்திரியில யாராவது வர்றாங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம்.  

"உனக்கு யாருடி சொன்னது?"

"சொல்லுக்கா. எத்தனை தடவை?"

 மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "வீட்டுல ரெண்டு. இங்க வந்து நாலு. மொத்தம் ஆறு."

நத்தைக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆறுதான்! ஏழு இல்லை, ஆறு. ஏதோ தற்செயல், இல்லையென்றால் அந்தப் பையன் எங்கேயோ எதையோ கேட்டு எழுதியிருக்கிறான். "அப்படின்னா ஒண்ணும் இல்லக்கா," என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கைப்பேசியில் கேட்டது.

'க்ரீச்'...

'டக்'.

அக்கா கத்தவில்லை. "யாரு?" என்று கேட்கவில்லை. கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போல, குரல் தள்ளிப் போய்க் கேட்டது. கதவைப் பார்த்துச் சொல்கிற குரல். கோபம் இல்லை, பயம் இல்லை.

"ஏழு."

நத்தை மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். கண்ணாடிப் பையன் மேலே தேதி போட்டிருந்தான். அது முந்தின நாள் தேதி.